ரவுட்டரில் 2.5 கிகாபிட், கணினியில் 94 மெகாபிட்: வீட்டு இணைய வேகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடுகளுக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்து ரவுட்டர் அமைத்துத் தருவது என் வேலை. ஒரு கிகாபிட்டைத் தாண்டிய இணைப்புகளும் 2.5 கிகாபிட் போர்ட் வைத்த ரவுட்டர்களும் வீடுகளுக்கு வரத் தொடங்கிய பிறகு, கட்டணம் கட்டுகிற வேகம் கைக்கு வந்து சேரவில்லை என்ற அழைப்புகள்தாம் எனக்கு அதிகம் வருகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். புதிய ரவுட்டர் வாங்கக் கிளம்பும் முன் ஒருமுறை இதைப் படித்துவிடுங்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பழுது ரவுட்டரில் இருந்தது குறைவு. சுவருக்குள் போகும் கேபிளிலும், எவரோ எப்போதோ மாற்றி வைத்த ஓர் அமைப்பிலும் இருந்ததே அதிகம்.

1 கிகாபிட் இணைப்பு என்றார்கள். ஆனால் கோப்பு இறங்கும்போது நொடிக்கு 112 எம்பி என்றுதானே காட்டுகிறது?

அது முழு வேகம்தான். உங்கள் இணைப்பில் குறை ஏதும் இல்லை. இணைய நிறுவனங்கள் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்கின்றன. கணினியோ கோப்பின் அளவைப் பைட் கணக்கில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட் என்பதால், 1000 மெகாபிட் என்பது அதிகபட்சம் 125 மெகாபைட்டே.

அந்த 125-உம் முழுதாகக் கிடைக்காது. தரவு சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்து கேபிளில் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முகவரி, சரிபார்ப்பு எண், அடுத்த பாக்கெட்டுக்கு முன் விடவேண்டிய இடைவெளி என்று சேர்த்தால் கேபிளில் 1538 பைட் இடம் போகிறது. அதில் உங்கள் கோப்புக்கு உரியது 1448 அல்லது 1460 பைட். எனவே 1 கிகாபிட் போர்ட்டில் கைக்கு வருவது 940 முதல் 950 மெகாபிட் வரை. அதை 8-ஆல் வகுத்து, விண்டோஸ் செய்வதுபோல 1024 கணக்கில் காட்டினால் 112 என்ற எண் வந்துவிடும். இதே கணக்கில் 2.5 கிகாபிட் போர்ட்டில் நொடிக்கு 280 எம்பி வரை எதிர்பார்க்கலாம். 940 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் பதில்களில் அது மீண்டும் வரும்.

வேகம் உண்மையிலேயே குறைவுதான். எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

தெருவிலிருந்து வரும் ஃபைபர், அது வந்து சேரும் பெட்டி, அந்தப் பெட்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் சிறு கேபிள், ரவுட்டர், சுவருக்குள் போகும் கேபிள், ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தர இடையில் இருக்கும் ஸ்விட்ச், கணினியின் நெட்வொர்க் போர்ட், கடைசியில் கோப்பை எழுதும் டிஸ்க் என்று இது ஒரு சங்கிலி. இவற்றில் எந்தக் கண்ணி மிகவும் மெதுவானதோ அந்தக் கண்ணியின் வேகமே உங்கள் வேகம். ஆகையால் கண்ணி கண்ணியாக அளந்துகொண்டே வர வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பொருட்களை மாற்றினால், எதை மாற்றியதால் சரியானது என்பதே தெரியாமல் போய்விடும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு போர்ட்டும் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பார்ப்பேன். பாதி வீடுகளில் விடை அங்கேயே கிடைத்துவிடும். அடுத்து, ஒரு மடிக்கணினியைத் தரமான 1 மீட்டர் பேட்ச் கார்டால் (சிறு லேன் கேபிளால்) ரவுட்டரோடு நேரடியாக இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் செய்வேன். அங்கே வேகம் சரியாக இருந்து, மாடி அறையில் மட்டும் குறைந்தால், குற்றம் இடையில் உள்ள கேபிளிலோ ஸ்விட்ச்சிலோ இருக்கிறது. ரவுட்டருக்கு அருகிலேயே குறைவு என்றால் குற்றம் ரவுட்டரிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது.

வீட்டுக்குள் உள்ள பகுதியை மட்டும் தனியே அளக்க ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் உண்டு. இரண்டு கணினிகளில் அதை நிறுவி, ஒன்றைச் சேவையகமாகவும் மற்றதைப் பயனராகவும் ஓட்டினால், இணையத்தைத் தொடாமலேயே உங்கள் கேபிள்களும் ஸ்விட்சும் எவ்வளவு தாங்குகின்றன என்பது தெரிந்துவிடும். ஓர் இழையில் (ஒரே தரவு ஓட்டத்தில்) ஒருமுறையும் நான்கைந்து இணை இழைகளில் ஒருமுறையும் அளந்து, இரண்டையும் குறித்து வையுங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் அதுவே ஒரு தடயம்.

ஸ்பீட் டெஸ்ட் எத்தனை முறை செய்தாலும் 94 மெகாபிட்டிலேயே நிற்கிறது. ஏன்?

இது எனக்கு மிகவும் பழக்கமான எண். 94 அல்லது 95 என்று கண்டால், வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கி நிற்கிறது என்பது கிட்டத்தட்ட உறுதி. பத்தில் ஒன்பது முறை அது கேபிளின் கோளாறாகவே இருக்கும்.

லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிகளாக 8 கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கின்றன. 100 மெகாபிட் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். 1 கிகாபிட்டுக்கும் அதற்கு மேற்பட்ட வேகங்களுக்கும் எட்டும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும், கிரிம்பிங் செய்தபோது, அதாவது கேபிளில் முனையை அடித்தபோது, ஒரு கம்பி ஆர்ஜே45 முனையின் பல்லைச் சரியாகத் தொடாமல் நின்றிருந்தாலும், பல ரவுட்டர்கள் யாருக்கும் சொல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஆகையால் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதில்லை.

இதைவிடச் சூழ்ச்சியான பிழை ஒன்று உண்டு. சிலர் நிறம் பார்க்காமல், இரண்டு முனைகளிலும் ஒரே வரிசை வந்தால் போதும் என்று கம்பிகளைக் கோத்துவிடுகிறார்கள். விளக்கு எரியும் மலிவான டெஸ்டரில் எட்டும் ஒழுங்காக எரியும். ஆனால் 3-உம் 6-உம் ஒரே முறுக்கில் இருக்க வேண்டியவை. அவை வெவ்வேறு ஜோடிகளில் போய்விட்டால் ஒரு ஜோடியின் அலை மற்றதில் கலந்து, பாக்கெட்டுகள் சேதமாகிக்கொண்டே இருக்கும். டெஸ்டர் நல்லது என்று சொல்லியும் வேகம் வராத கேபிளை வெட்டிவிட்டு, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் இரு முனைகளையும் புதிதாக அடிப்பதுதான் சரியான வழி.

கேபிளின் உலோகத்தையும் பாருங்கள். விலை மிகக் குறைவான கேபிள்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. கம்பியின் முனையை பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள்; உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். செம்பைவிட அதற்கு மின்தடை அதிகம், வளைத்தால் எளிதில் ஒடியும். பெட்டியின் மேல் கேட் 6 என்ற தரத்தை அச்சடித்திருந்தாலும் அது கேட் 6 ஆகாது.

நம் ஊர்களுக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடங்களில், மொட்டை மாடியிலோ வெளிச்சுவரிலோ திறந்து கிடக்கும் இணைப்புகளில் உப்புக்காற்று ஏறி, முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். பொன்முலாம் மெலிதாக உள்ள மலிவான முனைகள் முதலில் போகும். வெளியில் இணைப்பே வராதபடி கேபிளை ஒரே துண்டாக இழுப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

எனக்கு 94 இல்லை, 940 வருகிறது. ஆனால் திட்டம் 2 கிகாபிட்.

அப்படியானால் வழியில் எங்கோ ஒரு 1 கிகாபிட் போர்ட் இருக்கிறது. ரவுட்டர் பெட்டியின் மேல் பெரிதாக 2.5 என்று அச்சிட்டிருப்பார்கள். திருப்பிப் பார்த்தால் ஒரே ஒரு போர்ட் மட்டும் 2.5, மற்ற நான்கும் 1 கிகாபிட்டாக இருக்கும். அந்த ஒற்றைப் போர்ட்டை ஃபைபர் பெட்டிக்குக் கொடுத்துவிட்டால், கம்பி வழியாக எந்த ஒரு கணினிக்கும் 940-க்கு மேல் வராது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் சேர்ந்து 2 கிகாபிட்டைப் பயன்படுத்தலாமே தவிர, ஒன்று மட்டும் தனியே பயன்படுத்த முடியாது. வாங்கும்போது 2.5 போர்ட் எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

ரவுட்டர் சரியாக இருந்தால் ஃபைபர் பெட்டியின் போர்ட், இடையில் உள்ள ஸ்விட்ச், கணினியின் போர்ட் ஆகியவற்றைப் பாருங்கள். 2.5 கிகாபிட் யுஎஸ்பி அடாப்டர் வாங்கி யுஎஸ்பி 2 துளையில் செருகியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தத் துளையின் உச்சமே 480 மெகாபிட்தான், நடைமுறையில் அதைவிடவும் குறைவு. இரண்டு 1 கிகாபிட் கேபிள்களை இணைத்து இரட்டிப்பாக்கும் வசதி சில ரவுட்டர்களில் உண்டு என்றாலும், ஒற்றைப் பதிவிறக்கம் அவற்றில் ஒரே கேபிளைத்தான் பயன்படுத்தும். அதனால் நீங்கள் கேட்கும் பயன் அதில் கிடைக்காது.

வீடு கட்டும்போது சுவருக்குள் கேட் 5இ கேபிள் போட்டோம். அதைப் பிடுங்கி மாற்ற வேண்டுமா?

வேண்டாம். 2016-இல் வெளிவந்த 802.3பிஇசட் என்ற தரநிலை, ஏற்கெனவே பதிக்கப்பட்ட கேபிள்களை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. நல்ல செம்புக் கேட் 5இ கேபிளில் 100 மீட்டர் வரை 2.5 கிகாபிட் போகும். 5 கிகாபிட்டுக்குக் கேட் 6 போதும். 10 கிகாபிட்டை 100 மீட்டருக்குக் கொண்டுபோகத்தான் கேட் 6ஏ வேண்டும். நம் வீடுகளில் 30 மீட்டரைத் தாண்டும் கேபிளே அரிது. முனைகளை மட்டும் புதிதாக அடித்து, சோதித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மின்சார வயர் போகும் அதே குழாயில் லேன் கேபிளும் போயிருந்தால் மட்டும், வேகத்துக்காக மட்டுமன்றிப் பாதுகாப்புக்காகவும் மாற்றிவிடச் சொல்வேன்.

ரவுட்டரில் உள்ள எந்த வசதிகள் வேகத்தைக் குறைக்கின்றன?

2.5 கிகாபிட் முழுதாக ஓடும்போது ரவுட்டர் நொடிக்குச் சுமார் 2 லட்சம் பாக்கெட்டுகளைக் கையாள வேண்டும். வீட்டு ரவுட்டரின் செயலி (பிராசசர்) ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து அனுப்பும் வலிமை உடையதன்று. ஆகவே தயாரிப்பாளர்கள், ஓர் இணைப்பின் முதல் சில பாக்கெட்டுகளை மட்டும் செயலி பார்த்துவிட்டு, மற்றவற்றை அதற்கென்றே அமைந்த தனிச் சுற்றிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். அமைப்புகளில் இது ‘ஹார்ட்வேர் நாட்’ என்றோ ‘ஆஃப்லோடு’ என்றோ ‘ஆக்சலரேஷன்’ என்றோ இருக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. யார் எந்தத் தளத்தைப் பார்க்கிறார்கள் என்ற கண்காணிப்பு, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, வைரஸ் வடிகட்டி, கியூஓஎஸ் எனப்படும் முன்னுரிமைப் பங்கீடு, கருவிவாரியான பயன்பாட்டுக் கணக்கு ஆகிய ஒவ்வொன்றுக்கும் செயலி எல்லாப் பாக்கெட்டுகளையும் பார்த்தாக வேண்டும். இவற்றில் ஒன்றை இயக்கினாலும் பல ரவுட்டர்களில் அந்தத் தனிச் சுற்று தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் 2 கிகாபிட் இணைப்பு 600-ஐத் தாண்டவில்லை. வீட்டுக்காரர் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முடிவில் இருந்தார். பல மாதங்களுக்கு முன் தேர்வு நேரத்தில் மகனுக்காக இயக்கிய கட்டுப்பாடு ஒன்று அப்படியே இருந்தது. அதை நிறுத்தியதும் அதே ரவுட்டரில் 1900-க்கு மேல் வந்தது. இந்த வசதிகள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு உங்களுக்கு முக்கியம் என்றால், அதற்காக வேகத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது நியாயமான முடிவுதான். எதற்காக எதை இழக்கிறோம் என்று தெரிந்து செய்தால் போதும்.

பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறை ரவுட்டருக்குக் கூடுதல் சுமை. சில ரவுட்டர்களில் அந்த வேலை முழுவதும் செயலியின் ஒரே கருவில் (கோர்) விழுகிறது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டராக இயங்கி, அதன் பின்னால் உங்கள் ரவுட்டரும் இருந்தால், பெட்டியை, தரவைக் கடத்த மட்டும் செய்யும் ‘பிரிட்ஜ்’ நிலைக்கு மாற்றித் தரும்படி உங்கள் இணைய நிறுவனத்திடம் கேளுங்கள். தரவை மறையாக்கி அனுப்பும் விபிஎன் ரவுட்டரிலேயே ஓடுகிறதா என்றும் பாருங்கள். மறையாக்கம் முழுவதும் செயலியின் வேலை என்பதால், ஓபன்விபிஎன் போன்ற முறைகளில் வேகம் பல மடங்கு இறங்கிவிடும். வயர்கார்டு என்ற முறை அதைவிட இலகுவானது.

1 கிகாபிட் ரவுட்டரில் நன்றாக இருந்தது. 2.5 கிகாபிட் ரவுட்டர் வாங்கிய பிறகு பதிவிறக்கம் முன்பைவிடக் குறைந்துவிட்டது. பதிவேற்றம் சரியாக இருக்கிறது. இது எப்படி?

இது நல்ல கேள்வி. கேட்டவர்களில் பலரை ‘அப்படி நடக்க வாய்ப்பில்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அகலமான சாலை ஒன்று குறுகிய சந்தில் வந்து முடிவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முன்பு ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு 1 கிகாபிட், ரவுட்டரிலிருந்து கணினிக்கும் 1 கிகாபிட். இப்போது முதல் பகுதி 2.5 கிகாபிட் ஆகிவிட்டது. கணினிக்குப் போவது மட்டும் அதே 1 கிகாபிட். தரவு சீராக வருவதில்லை, கொத்துக் கொத்தாக வருகிறது. 2.5 வேகத்தில் வந்து விழும் கொத்தை 1 கிகாபிட் வேகத்தில் வெளியே அனுப்பும் வரை ரவுட்டருக்குள் இருக்கும் ஸ்விட்ச் சிப் அதைத் தாங்கி வைத்திருக்க வேண்டும். அதன் தாங்கு நினைவகம் மிகச் சிறியது. அது நிரம்பினால் மிஞ்சிய பாக்கெட்டுகள் கீழே விழும். பாக்கெட் தொலைந்ததைக் கண்ட சேவையகம், வழியில் நெரிசல் என்று கருதித் தன் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொள்ளும், மெல்ல ஏற்றும், மீண்டும் தொலையும். பதிவேற்றத்தில் தரவு குறுகிய சந்திலிருந்து அகன்ற சாலைக்குப் போகிறது. அங்கே தேங்குவதற்கு ஒன்றுமில்லை என்பதால் அது முழு வேகத்தில் இருக்கிறது.

பல இழைகளில் அளந்தால் வேகம் வருகிறது, ஓர் இழையில் பாதியும் வரவில்லை என்றால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. சோதிப்பது எளிது: ஃபைபர் பெட்டியோடு இணையும் ரவுட்டர் போர்ட்டைத் தற்காலிகமாக 1 கிகாபிட்டுக்கு இறக்கிப் பாருங்கள். பதிவிறக்கம் உடனே 940-க்கு ஏறினால் காரணம் உறுதியாகிவிட்டது. நிரந்தரத் தீர்வாக, ரவுட்டரிலும் கணினியிலும் ‘ஃப்ளோ கண்ட்ரோல்’ அமைப்பை இயக்கிப் பாருங்கள். சந்து நிரம்பியதும் ‘சற்றே நில்’ என்று முன்னால் சொல்லும் ஏற்பாடு அது. எஸ்கியூஎம் எனப்படும் பாக்கெட் வரிசை மேலாண்மை வசதி உள்ள ரவுட்டரில் வேகத்தைச் சந்தின் அளவுக்குச் சற்றுக் கீழே நிர்ணயித்தாலும் சரியாகும். ஆனால் அதுவும் செயலியின் வேலை என்பதை மறக்கக் கூடாது. கணினிக்கும் 2.5 போர்ட் போடுவது எல்லாவற்றிலும் நல்லது.

கணினியிலேயே 2.5 போர்ட் இருந்தும் இப்படி நடந்தால், நெட்வொர்க் டிரைவரைப் புதுப்பியுங்கள். மின்சிக்கன ஈதர்நெட் அமைப்பை அணைத்துப் பாருங்கள். 2020 வாக்கில் வந்த ஒரு 2.5 கிகாபிட் சிப்பின் முதல் பதிப்பில், பாக்கெட்டுகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி சரியாக அமையாததால் சில ஸ்விட்சுகளோடு இணையும்போது பாக்கெட்டுகள் தொலைந்தன. அத்தகைய போர்ட் உள்ள கணினியை 1 கிகாபிட்டில் வைத்திருப்பதே மேல்.

ஸ்பீட் டெஸ்ட்டில் 2 கிகாபிட் வருகிறது. ஆனால் ஒரு பெரிய கோப்பை இறக்கினால் 50 மெகாபிட்கூட வரவில்லையே?

ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் சென்னையில் உள்ள ஒரு சேவையகத்தோடு ஒரே நேரத்தில் பல இழைகளைத் திறந்து அளக்கிறது. உங்கள் கோப்போ எங்கோ தொலைவில் இருந்து ஒற்றை இழையில் வருகிறது. ஒளி ஃபைபருக்குள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் உள்ள சென்னைக்குப் போய் வர, கணக்குப்படி 2 மில்லி நொடிகூட ஆகாது. அமெரிக்காவுக்குப் போய் வர 200 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது.

அனுப்பும் சேவையகம், வந்து சேர்ந்தது என்ற பதில் வரும் வரை ஓர் அளவுக்கு மேல் அனுப்பாது. 200 மில்லி நொடித் தொலைவில் 2.5 கிகாபிட்டை நிரப்ப வேண்டுமானால் எந்நேரமும் சுமார் 62 மெகாபைட் தரவு வழியில் இருக்க வேண்டும். அந்த அளவு 64 கிலோபைட்டில் கட்டுப்பட்டிருந்தால், இணைப்பு எத்தனை கிகாபிட்டாக இருந்தாலும் நொடிக்கு 320 கிலோபைட்தான் வரும். இக்காலக் கணினிகள் இந்த அளவைத் தாமே கூட்டிக்கொள்கின்றன. ஆனால் ‘இணைய வேகத்தை அதிகரிக்கும்’ என்று சொல்லி விற்கப்படும் மென்பொருட்கள் சில, விண்டோஸின் அந்தத் தானியங்கி அமைப்பையே அணைத்துவிடுகின்றன. அப்படி ஏதேனும் நிறுவியிருந்தால் நீக்கிவிட்டு, ‘ஆட்டோ ட்யூனிங்’ அமைப்பை ‘நார்மல்’ நிலைக்குத் திருப்புங்கள்.

பாக்கெட் இழப்பும் தொலைவும் சேர்ந்தால் விளைவு கடுமையாகும். மரபான நெரிசல் கட்டுப்பாட்டு முறைக்கான சூத்திரத்தின்படி, 10,000 பாக்கெட்டுகளில் ஒன்று தொலைந்தாலே, 10 மில்லி நொடித் தொலைவில் ஓர் இழையின் வேகம் 140 மெகாபிட் அளவிலும், 200 மில்லி நொடித் தொலைவில் 7 மெகாபிட் அளவிலும் நின்றுவிடும். புதிய முறைகள் இதைவிட நன்றாகச் சமாளிக்கின்றன என்றாலும் போக்கு அதுவே. மோசமான கிரிம்பிங் உள்ள ஒரு கேபிளால், உள்ளூர்ச் சோதனையில் பெரிதாக எதுவும் தெரியாமல் வெளிநாட்டுப் பதிவிறக்கம் மட்டும் தவழ்வது இதனால்தான்.

பல சேவையகங்கள் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருக்கின்றன என்பதையும், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரையே எழுதும் என்பதையும் மறக்க வேண்டாம். பதிவிறக்கத்தின்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால், இணையத்தைக் குறை சொல்ல இடமில்லை.

வைஃபையில் ஏன் 2 கிகாபிட் வருவதில்லை?

பெட்டியின் மேல் போட்டிருக்கும் பெரிய எண், எல்லா அலைவரிசைகளையும் கூட்டிச் சொல்வது. உங்கள் கைப்பேசி ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 6 கைப்பேசி, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1201 மெகாபிட் வேகத்தில் இணையும். கைக்கு வருவது அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இணைவேகம் 2402 ஆகும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்த அகலம் வேண்டுமென்றால் ரேடார்கள் பயன்படுத்தும் சேனல்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரவுட்டர் அங்கே முதலில் 60 நொடியாவது கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் பேசத் தொடங்கும். ரேடார் அலை என்று எதையேனும் கருதினால் உடனே விலகிவிடும். வைஃபை அவ்வப்போது காணாமல் போகிறது என்பவர்கள் 80-க்கு இறக்கிப் பார்க்கலாம்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் தடித்த செங்கற்சுவர்கள் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை நலிந்துவிடும். கைப்பேசி தானாகவே 2.4-க்கு மாறிக்கொண்டு மெதுவாகிவிடும். ரவுட்டரை இரும்பு பீரோவின் மேலும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் வைக்காதீர்கள். வைஃபையை வீடு முழுதும் பரப்பும் மெஷ் கருவிகள் ஒன்றோடொன்று வைஃபையிலேயே பேசிக்கொள்ளும்போது, ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். இடையில் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். அந்த ஒரு நாள் வேலைக்கு ஈடான முன்னேற்றத்தை விலை உயர்ந்த எந்தக் கருவியும் தந்து நான் பார்த்ததில்லை.

இரவு 8 மணி முதல் 11 மணி வரை மட்டும் குறைகிறது.

அது பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கு வெளியே. ஜிபான் என்ற ஃபைபர் முறையில் 2.488 கிகாபிட் பதிவிறக்கத் திறனை ஒரு கிளையில் உள்ள 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. எக்ஸ்ஜிஎஸ்-பான் முறையில் அத்திறன் சுமார் 10 கிகாபிட். 2 கிகாபிட் திட்டம் எடுக்கும் முன், உங்கள் தெருவுக்கு வருவது எது என்று கேளுங்கள். ஒரு வாரம் காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் கம்பி வழியாக அளந்து எழுதி வையுங்கள்.

மாதக் கடைசியில் குறைந்து 1-ஆம் தேதியோ பில் தேதியோ வந்ததும் சரியாகிறது என்றால், அது எஃப்யூபி எனப்படும் மாதப் பயன்பாட்டு வரம்பு. மாதம் 3300 ஜிபி என்ற வரம்பை 2 கிகாபிட் வேகம் தொடர்ந்து ஓடினால் 4 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடலாம்.

புயல் மழைக்குப் பிறகு வேகம் குறைந்துவிட்டது. ஃபைபருக்கு ஈரம் ஒன்றும் செய்யாது என்கிறார்களே?

கண்ணாடி இழைக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் நம் தெருக்களில் ஃபைபர் மின்கம்பத்திலும் தென்னையிலும் தொங்கிக்கொண்டு வருகிறது. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று புயல்களை நேராக வாங்கும் கரை இது. காற்றில் இழுபட்ட கேபிள் எங்கோ மடங்கியிருக்கலாம். அவசரத்தில் போட்ட இணைப்பில் ஒளி கசியலாம். இணைப்புப் பெட்டிக்குள் நீர் புகுந்திருக்கலாம்.

ஃபைபர் பெட்டியின் பக்கத்தில் ஒளியின் அளவு, ஆர்எக்ஸ் பவர் என்ற பெயரில், எதிர்மறை எண்ணாக இருக்கும். வழக்கமான ஜிபான் இணைப்பில் அது -8 முதல் -27 டிபிஎம் வரை இருக்க வேண்டும். -25-ஐத் தாண்டிக் கீழே போனாலே எல்லையை நெருங்குகிறது என்று பொருள். இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் அந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தால், லைன்மேன் வரும்போது பேச்சு சுருக்கமாக முடியும். வீட்டுக்குள் வரும் மெல்லிய ஃபைபரைக் கதவிடுக்கில் நசுங்க விடாதீர்கள். பச்சை நிற முனையைக் கழற்றி விரலால் துடைக்காதீர்கள்.

கத்திரி வெயில் மாதத்தில் பிற்பகலில் மட்டும் தடுமாறுகிறது.

வெப்பம். 2.5-உம் 10-உம் தரும் ரவுட்டர்கள் பழையவற்றைவிட அதிகம் சூடாகின்றன. செப்புக் கேபிளுக்காக ரவுட்டரில் செருகும் 10 கிகாபிட் எஸ்எஃப்பி மாட்யூல்கள் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். மூடிய அலமாரியிலிருந்து வெளியே எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மாலையில் தானாகச் சரியாகிவிட்டால் வேறு சோதனை தேவையில்லை.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, குறை வெளியேதான். புகாரை எப்படிக் கொடுப்பது?

‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் வரும். ஃபைபர் பெட்டியிலிருந்து கம்பி வழியாக நேரடியாக அளந்த எண்கள், அளந்த நாளும் நேரமும், ஒளியின் அளவு, போர்ட் இணைந்திருக்கும் வேகம் ஆகிய நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். புகாருக்கு டாக்கெட் எண் கேட்டு வாங்குங்கள். அதைத் தருவது அவர்கள் கடமை. தீர்வு திருப்தியளிக்காவிட்டால், ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டிய மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணைக் குறிப்பிட்டு முறையிடலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதி நாளைக் கழிக்க வேண்டாம்.

லைன்மேன் வரும் நாளில் உங்கள் மடிக்கணினியையும் அந்த 1 மீட்டர் பேட்ச் கார்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் கிளம்பும் முன், அவர் முன்னிலையிலேயே ஃபைபர் பெட்டியில் செருகி ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள்.